பத்து விநாடி பொறுக்காத தராசு

ஒரு குறைமாதக் குழந்தையின் எடையைத் தராசு மூன்று நாள் தப்பாகக் காட்டியது. தராசு ரிப்பேர் தொழிலில் இதைவிடக் கெட்ட வாக்கியம் எழுத முடியாது. அந்த எடையை நம்பித்தான் தாயையும் பிள்ளையையும் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இருந்தார்கள். அந்தத் தராசில் கடைசியாகக் கை வைத்தவன் நான்.

ஸ்ரீரங்கத்தில் சின்னக் கடை. எலக்ட்ரானிக் தராசு விற்பதில்லை, பழுது மட்டும் பார்க்கிறேன். என்னைப் போல சர்வீஸ் பை தூக்கிக்கொண்டு திருச்சி வெயிலில் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிக்ஸியோ, இன்வெர்ட்டரோ, தையல் மெஷினோ, எதுவானாலும் சரி. வாடிக்கையாளர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கழுத்தில் உட்காரும் கனம் உங்களுக்கும் தெரியும். குழந்தையிடம் வருவதற்கு முன் நாலு சங்கதி சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நான் அந்தத் தப்புக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தேன் என்பது புரியாது.

ஒரே குவளை

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் மல்லிகா. கொள்ளிடக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறார். அவரிடம் இருப்பது ஒரே ஓர் அரை லிட்டர் குவளை. நானும் மனைவியும்தான் வீட்டில். நாளைக்கு முந்நூற்றைம்பது மில்லி போதும். குவளையில் கோடு கிடையாது. கண்ணளவில் ஊற்ற அவர் சம்மதிக்கவில்லை. ஊற்றினால் முழுக் குவளை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றார். மூன்று நாள் தொடர்ந்து ஊற்றினார். நான்காம் நாள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். நான் தெருவில் நின்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் வந்தார், ஆறாம் நாள் வந்தார், ஏழாம் நாள் வரவில்லை. எட்டும் ஒன்பதும் வந்தார். பத்தாம் நாள் இல்லை. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஏழு குவளை, மூன்றரை லிட்டர். பத்து முந்நூற்றைம்பதும் அதேதான். ஒவ்வொரு நாளும் எவ்வளவு அதிகமாகப் போயிற்று என்பதை மனசில் வைத்துக்கொண்டு, அந்த மிச்சம் ஒரு நாள் பாலுக்கு வந்ததும் ஒரு நாள் விட்டிருக்கிறார்.

தராசுக்குள் இருக்கிற சிப்பும் மல்லிகா மாதிரிதான். சிக்மா-டெல்டா என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். டெல்டா என்றால் வித்தியாசம், சிக்மா என்றால் கூட்டல். அதனிடமும் ஒரே குவளை. எடையைப் பார்த்து "அதிகம்", "குறைவு" என்று இரண்டே பதில்தான் சொல்லத் தெரியும். ஆனால் நமக்கு வேண்டியதைவிடப் பல ஆயிரம் மடங்கு தடவை அளக்கும். அதுதான் ஓவர்சாம்பிளிங். ஒவ்வொரு தடவையும் விழுகிற பிழையைத் தூக்கி எறியாமல் அடுத்த தடவைக்கு எடுத்துக்கொண்டு போகும். அப்படிச் செய்யும்போது பிழை சின்னச் சின்னதாக நொறுங்கி, படபடவென்று அடிக்கிற வேகமான இரைச்சலாக ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பின்னால் இருக்கிற ஃபில்டர் அத்தனை பதிலையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். இரைச்சல் போய்விடும், எடை நிற்கும். புத்தகத்தில் இதை நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்கள். மல்லிகா பதினோராம் நாள் என்னிடம் ஒரே மூச்சில் சொன்னார்: "ஒவ்வொரு நாளாப் பாத்தா நான் தப்புத்தாங்கய்யா. பத்து நாளைச் சேத்துப் பாருங்க."

வெங்காய மண்டி

சராசரி எடுக்க நேரம் வேண்டும். அங்கேதான் சண்டை. மூட்டையைத் தூக்கிப் போட்டதும் ஃபில்டருக்குள் பழைய பதில்களும் புதுப் பதில்களும் கலந்து கிடக்கும். பழையது முழுக்க வெளியேறும்வரை தராசில் ஓடுகிற எண் பழைய எடையும் இல்லை, புது எடையும் இல்லை. சும்மா ஓர் எண். அது ஓய்ந்து நிற்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மார்க்கெட்டில் யார் பொறுப்பார்கள்?

வெங்காய மண்டிக்காரர் ஒருவர், இஸ்மாயில் பாய். லாரி வந்து நிற்கும்போது என்னைக் கூப்பிட்டார். "எண்ணு நிக்கறதுக்குள்ள வெங்காயம் முளைச்சிரும் போலிருக்கு" என்றார். போர்டைத் திறந்தேன். சிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜம்பர் உண்டு, பிடுங்கி இடம் மாற்றிப் போடுகிற குட்டி பிளக். ஒரு பக்கம் போட்டால் விநாடிக்குப் பத்து எண் கொடுக்கும். மறுபக்கம் போட்டால் எண்பது. மாற்றிப் போட்டேன். போர்டில் இன்னொரு சராசரியும் உண்டு, அதையும் பூஜ்யமாக்கினேன். எட்டு மடங்கு வேகம். சிப் பொறுமையாக எண்ணுகிற எண்ணிக்கையும் எட்டில் ஒன்றாகக் குறையும். வெங்காயத்துக்கு அது போதும். ஐம்பது கிராம் இப்படி அப்படி ஆனால் அங்கே யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

பாய்க்கு ஏக சந்தோஷம். மூட்டை விழுந்ததும் எண் டக்கென்று நின்றது. அதன் பிறகு "தராசு மெதுவா இருக்கு" என்று யார் சொன்னாலும் நான் அதே ஜம்பரை மாற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. தராசின் அரசாங்க முத்திரையை அவிழ்த்துத் திரும்ப வைக்க எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறவனுக்குப் புத்தியும் இருக்கும் என்று சட்டம் நம்புகிறது. பாய் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "முன்ன இருந்தது ஜோசியம்ங்க. இப்பதான் தராசு."

மருங்காபுரி ஆடு

மருங்காபுரிப் பக்கம் பெரியசாமி என்று ஒருவர் ஆடு வளர்க்கிறார். இப்போது உயிர் எடைக்குத்தான் விலை. கூண்டு வைத்த தராசு வாங்கிப் போட்டிருந்தார். ஆட்டை உள்ளே விட்டால் எண் நிற்கவே இல்லை, வந்து பாருங்கள் என்றார். போனேன். ஆடு உள்ளே உதைத்தது, திரும்பியது, கம்பியைக் கடித்தது. எண் இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே குதித்தது. நான் வழக்கம்போல ஜம்பரை மாற்றினேன். இன்னும் மோசம். முன்பு எட்டு தடவை குதித்த எண் இப்போது ஐம்பது தடவை குதித்தது.

ஆட்டைத் திட்டினேன். கொம்பைப் பிடித்து அழுத்தினேன். என் கை எடையும் சேர்ந்து ஏறியது. பெரியசாமி கூண்டுக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஜம்பரைப் பழைய இடத்தில் போட்டு, சராசரி நேரத்தைப் பத்து விநாடி ஆக்கினேன். ஆடு குதித்துக்கொண்டே இருந்தது. எண் மட்டும் மெல்ல இருபத்து மூன்றே முக்காலில் போய் உட்கார்ந்தது. மேலே குதித்ததும் கீழே விழுந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெரியசாமி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "ஆடு நிக்காதுங்க. நீங்க கொஞ்சம் நில்லுங்க."

பச்சைக் கற்பூரம்

தெற்குச் சித்திர வீதிப் பக்கம் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் விற்கிற ரங்கராஜன் ஸ்வாமி. தீர்த்தத்துக்குப் போகிற சரக்கு என்பதால் மிகவும் கவனம். அவர் தராசு பத்து புள்ளி இரண்டு கிராமுக்கும் பத்து புள்ளி மூன்றுக்கும் நடுவே மினுக்கிக்கொண்டிருந்தது. நான் வேறு வேலையாகப் போனவன், அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடுமாற்றத்தை நிறுத்திடறேன், ஒரே எண்ணா நிக்கும்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"எத்தனை தடவை இரண்டு, எத்தனை தடவை மூணுன்னு எண்ணிப் பாரும்" என்றார். எண்ணினேன். நாலில் மூன்று தடவை மூன்று காட்டியது. "அப்படீன்னா சரக்கு மூணுக்குக் கிட்டக்க இருக்கு, ஆனா மூணு இல்லை. ஒரே எண்ணா நிறுத்தினேள்னா இது எனக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். வாஸ்தவம். கொஞ்சம் அசைவு இருந்தால்தான், பல தடவை பார்க்கிறவனுக்கு இரண்டு எண்ணுக்கு நடுவே இருப்பதும் தெரியும். இன்ஜினீயர்கள் இதற்காகவே வேண்டுமென்று சிக்னலில் கொஞ்சம் இரைச்சலைக் கலப்பார்கள். ரங்கராஜன் ஸ்வாமி இன்ஜினீயர் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை என் பைக்குள் அவரே போட்டுவிட்டுச் சொன்னார்: "அது தடுமாறலை ஸ்வாமி, விசாரிச்சிண்டிருக்கு. தீர்ப்புக்கு அவசரப்படறது நாமதான்."

இத்தனை பேர் சொல்லியும் கேட்காதவனாகத்தான் காட்டூருக்குப் போனேன்.

கல்லும் குழந்தையும்

காட்டூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோம். பேர் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. குழந்தை எடை பார்க்கிற தராசு மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். அறையில் இருந்தது சிஸ்டர் செல்வராணி. முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார். "துணியில்லாம படுக்க வைக்கணும் சார். எண்ணு நிக்கப் பத்து செகண்ட் ஆகுது. அதுக்குள்ள பிள்ளைக்கு உடம்பு ஜில்லுன்னு ஆயிடுது" என்றார். நியாயமான குறை. அதற்குச் சரியான வழி அறையைச் சூடாக வைப்பது. நான் ஜம்பரை மாற்றினேன். போர்டில் இருந்த சராசரியையும் பூஜ்யமாக்கினேன்.

ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தேன். சட்டென்று ஆயிரம் காட்டியது. எடுத்தேன், வைத்தேன். ஆயிரம். பையை மூடினேன். சிஸ்டர் கேட்டார்: "ஒரு பிள்ளையை வச்சுப் பாத்துட்டுப் போறீங்களா சார்? பத்து நிமிஷத்துல பால் கொடுத்துட்டுத் தூக்கிட்டு வந்துடுவேன்."

எனக்குப் பால் பண்ணையில் இன்னொரு வேலை இருந்தது. "தராசுக்குக் கல்லும் ஒண்ணுதான், பிள்ளையும் ஒண்ணுதாம்மா" என்றேன். வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. கோபமில்லை, ஒரு தகவல் சொல்வது போல இருந்தது: "கல்லுக்குக் குளிராதுங்க சார்."

மூன்று காலை

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நர்சிங் ஹோமில் வளர்மதி என்று ஓர் இளம் தாய் இருந்தாள். உப்பிலியபுரத்துக்கு அப்பால், விவசாயக் குடும்பம். குழந்தை ஆறு வாரம் முன்னதாகப் பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. தானாக உறிஞ்சிக் குடிக்க இன்னும் பலம் வரவில்லை. தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, சிஸ்டர் பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். தினமும் காலையில் எடை. நாளுக்குப் பதினைந்து இருபது கிராம் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான் போன அன்று காலை ஆயிரத்து ஐநூற்று இருபது.

மறுநாள் ஆயிரத்து ஐநூற்று எழுபத்தைந்து. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் ஆயிரத்து ஐநூற்று நாற்பத்தைந்து. மூன்றாம் நாள் முப்பத்தைந்து. இரண்டு நாளில் நாற்பது கிராம் இறக்கம். ஒன்றரைக் கிலோ உடம்பில் அது சின்ன விஷயமில்லை. அங்கே இருந்த மற்ற இரண்டு குழந்தைகளும் மூன்று கிலோக்காரர்கள். அவர்கள் எடை ஆடியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா வளர்மதியைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னார். நாளைக் காலையும் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே மூக்கில் குழாய் வழியாகப் பவுடர் பால். குழந்தை உள்ளே இருக்கும், தாய் வெளியே இருக்க வேண்டும்.

வளர்மதி அன்று மதியம் சாப்பிடவில்லை. பீய்ச்சிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். சிஸ்டர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "தண்ணி மாதிரி இருக்குதாக்கா? நெசத்தைச் சொல்லிடுங்க."

குளுக்கோஸ் பாட்டில்

அன்று காலை பத்து மணிக்கே சிஸ்டர் செல்வராணி எனக்குப் போன் செய்திருந்தார். தராசில் சந்தேகமாக இருக்கிறது என்றார். நான் ஒரு கடையில் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "கல் வச்சுக் காட்டினேனேம்மா. தராசு சரியாத்தான் இருக்கு. பிள்ளையைக் கவனிங்க" என்றேன். பிள்ளையைக் கவனியுங்கள் என்று ஒரு நர்ஸிடம் சொன்னவன் நான். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

பிறகு அவர் செய்தது இது. அலமாரியிலிருந்து திறக்காத குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை எடுத்தார். பதினோரு மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை அதைத் தராசில் வைத்தார். நர்ஸ்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் மணி போட்டு எழுதுவார்கள். அறையில் அப்போது என்ன நடந்தது என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதுவார்கள். அப்படிப் பதினாறு வரி எழுதினார். நாலு மணிக்கு மறுபடி போன் வந்தது. எடுத்ததுமே சலித்துக்கொண்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை: "மூடி திறக்காத குளுக்கோஸ் பாட்டில் சார். பதினொண்ணே கால்லேர்ந்து பன்னெண்டுக்குள்ள எழுபது கிராம் ஏறியிருக்கு. அது யாருகிட்டப் போய்ப் பால் குடிச்சுதுன்னு வந்து சொல்லுங்க."

நின்றுபோன ஃபேன்

ஸ்கூட்டரில் போனேன். காவிரிப் பாலத்தில் நெரிசல். அன்றைக்கு யாரையும் ஹாரன் அடித்துத் துரத்தவில்லை. போய்ச் சேர்ந்ததும் எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தேன். ஆயிரம். பழைய திமிர் வந்துவிட்டது. "பாருங்க" என்றேன். சிஸ்டர் போய், குழந்தைகளுக்குச் சூடு காட்டுகிற வார்மரை இழுத்து வந்து தராசு மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஸ்விட்சைப் போட்டார். எண் ஆயிரத்து இரண்டு ஆயிற்று. ஆயிரத்து ஆறு. மெதுவாக, மிக மரியாதையாக ஏறியது. ஆயிரத்து முப்பத்தெட்டில் நின்று யோசித்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. ஐந்து விநாடி பார்க்கிறவனுக்கு அது நின்ற எண். ஐந்து நிமிஷம் பார்க்கிறவனுக்குத்தான் அது நடக்கிற எண்.

பேப்பரை நீட்டினார். பதினாறு வரி. "வார்மர் ஆன்" என்று எழுதிய வரிகளில் எடை அலைந்திருந்தது. இரண்டு மணிக்கு மேல் அறை வெக்கையாகிவிட்டதென்று வார்மரை அணைத்திருக்கிறார். அதன் பிறகு எல்லா வரியிலும் ஒரே எடை. நான் பையிலிருந்து ஒரு கருவியும் எடுக்கவில்லை. எடுக்க வேலையே இல்லை.

இனி விளக்கம். நம் கரண்டு விநாடிக்கு ஐம்பது அலை அடிக்கிறது. பக்கத்தில் வார்மர் ஓடினால் அந்த அலை கொஞ்சம் தராசின் ஒயரில் ஒட்டிக்கொள்ளும். ஒயரில் எர்த் தளர்ந்திருந்தால் நிறையவே ஒட்டும். அங்கே தளர்ந்திருந்தது. ஜம்பர் பழைய இடத்தில் இருந்தபோது, சிப் ஒவ்வோர் எண்ணுக்கும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் எண்ணியது. அந்த நேரத்தில் கரண்டு ஐந்து முழு அலை அடித்து முடித்துவிடும். மேலே போனதும் கீழே போனதும் கழிந்து ஒன்றுமில்லை. மருங்காபுரி ஆட்டுக் கணக்கு. சிப் செய்தவன் அந்தப் பத்தை யோசித்துத்தான் வைத்திருக்கிறான். நான் அதை எண்பது ஆக்கினேன். அலை கழியவில்லை. அந்த எண்பதில் எட்டுக்கு ஒன்றை மட்டும் எடுத்துத்தான் டிஸ்ப்ளே காட்டும். நடுவே இருந்த சராசரியைத்தான் நான் பூஜ்யமாக்கிவிட்டேனே. டிஸ்ப்ளே எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கரண்டு ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி வந்து நிற்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிற ஃபேன் சில சமயம் நின்றது போலவும் மெதுவாகப் பின்னால் சுற்றுவது போலவும் தெரியும், பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். வேகமாக அடிக்கிற அலை மெதுவாக ஏறி இறங்குகிற எடை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டது. வேஷம் போட்டு உள்ளே வந்த பிறகு எந்த ஃபில்டராலும் அதைப் பிரிக்க முடியாது. வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

பிள்ளையைத் தட்டில் படுக்க வைக்கும்போது குளிருக்காக வார்மர் ஓடும். வார்மர் இருந்தால் எடை பொய். நான் சோதித்தபோது வார்மர் ஓடவில்லை, ஏனென்றால் நான் வைத்தது கல். சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த மூணு நாள் எடையைத் திருத்தி எழுத முடியுமா சார், இல்ல அடிச்சுடட்டுமா?"

பத்து விநாடி

அடித்துவிடச் சொன்னேன். ஜம்பரைப் பத்துக்கு மாற்றினேன். சராசரியைப் பழையபடி வைத்தேன். எர்த் ஒயரைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினேன். வார்மரை ஓடவிட்டுப் பாட்டிலை வைத்தேன். ஐந்து நிமிஷம் நின்றேன். நகரவில்லை. இன்னும் பத்து நிமிஷம் நின்றேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. டாக்டரம்மாவும் வந்து நின்றார். பிறகு குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்.

வளர்மதி தூக்கி வந்தாள். துணியைப் பிரித்தார்கள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முதுகு. தட்டில் படுக்க வைத்ததும் எண் ஓடியது. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐநூறு, ஆயிரத்து அறுநூறு, திரும்ப இறக்கம். அந்தப் பத்து விநாடி நாங்கள் நாலு பேரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். வார்மரின் சூடு என் கழுத்தில் பட்டது. ஆயிரத்து ஐநூற்று எண்பதில் நின்றது. சிஸ்டர் குழந்தையை எடுத்து மறுபடி வைத்தார். எண்பது. மறுபடி. எழுபத்தெட்டு. மூன்று நாளில் அறுபது கிராம் ஏறியிருக்கிறது, ஒழுங்காக, தினம் இருபது இருபதாக.

டாக்டரம்மா, "எங்கேயும் அனுப்ப வேண்டாம். இதே பால் போதும்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நான் வளர்மதியிடம், "தராசுலதாம்மா தப்பு. தப்புப் பண்ணினது நான்" என்றேன். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையைத் துணியில் சுற்றி முடித்தாள். சுற்றி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணு நாளா இவன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சுங்க."

திரும்ப ஒரு சுற்று

மறுநாளிலிருந்து, நான் ஜம்பர் மாற்றிய இடங்களுக்கெல்லாம் திரும்பப் போனேன். எழுதி வைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. நினைவில் இருந்தவரை போனேன். நாட்டு மருந்துக் கடை, பால் பண்ணை, ஒரு ஹோமியோபதி டாக்டர். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வேகமாக ஓடுகிற தராசை யாராவது தேடி வந்து மெதுவாக்குவார்களா? பாயின் வெங்காயத் தராசை மட்டும் அப்படியே விடப் பார்த்தேன். வெங்காயத்துக்கு வார்மர் கிடையாது. சங்கதியைக் கேட்டுவிட்டு அவர் தராசுத் தட்டைத் துண்டால் துடைத்தார். பிறகு, "என்னுதையும் மாத்திருங்க. பத்து செகண்ட்ல லாரி ஒண்ணும் ஓடிப் போயிராது" என்றார்.

காட்டூருக்கு இப்போதும் மாதம் ஒரு தடவை போகிறேன், கூப்பிடாமலே. வார்மரை ஓடவிட்டு, கல்லை வைத்து, கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி போட்டு, ஒரு வார்த்தை சேர்த்து. சென்ற தடவை போனபோது வளர்மதி பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்தாள். நாலரைக் கிலோ. தட்டில் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். எண் ஓய நேரமாயிற்று. நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். சிஸ்டர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நிக்கும் சார். நீங்க உக்காருங்க."

விநாடிக்கு லட்சம் தடவை அளக்கிற சிப்பை வைத்துக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடியவன் நான். ஒரு பாட்டிலையும் காதில் செருகிய பென்சிலையும் வைத்துக்கொண்டு பதினாறு தடவை பார்த்து அந்தத் தராசைச் சரி செய்தவர் சிஸ்டர் செல்வராணி.